சாப்பாட்டுக்கே வழியில்லாத குழந்தைக்கு மூன்று வயதில் கல்வி எதற்கு?

கேள்வி இது: "வறுமையில் வாடும் குழந்தைக்கு முதலில் வேண்டியது சாப்பாடு, இருக்க இடம், பெற்றோருக்கு வருமானம். அதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு, மூன்று வயதிலேயே கல்வி வேண்டும் என்று ஏன் சிலர் வாதாடுகிறார்கள்? அதனால் நிஜமாகவே பலன் உண்டா?"

மழலையர் மையங்களில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அந்த மையங்களுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் பார்த்துப் பேசுவதும் கூடவே வருகிறது. அங்கே போனால் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் என்னிடமும் கேட்கிறார்கள். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள்.

சாப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பசியோடு இருக்கும் குழந்தையால் எதிலும் மனதை வைக்க முடியாது. நான் மறுப்பது "முதலில் அது, அப்புறம் இது" என்கிற வரிசையைத்தான். குழந்தையின் மூளை நம் வரிசைக்காகக் காத்திருப்பதில்லை. பேச்சு, கவனம், கோபத்தை அடக்கிக்கொள்ளும் திறன், முன்பின் தெரியாதவரை நம்பலாமா என்கிற கணக்கு எல்லாவற்றுக்கும் முதல் சில ஆண்டுகளில்தான் அடித்தளம் விழுகிறது. குடும்பத்தின் வருமானம் சரியாகும்வரை பொறுத்திருந்தால் அதற்குள் குழந்தைக்கு ஏழு வயதாகிவிடும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு. 1986-87இல் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், ஊட்டச்சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்தவர்கள். ஆய்வை நடத்தியவர்களில் சாலி கிரந்தம்-மெக்ரிகர், சூசன் வாக்கர் என்ற இருவரும் முக்கியமானவர்கள். குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாராவாரம் சத்துப் பால்மாவு. இன்னொரு குழுவின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வந்து, ஒரு மணி நேரம் அம்மாவோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடினார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை. பொம்மைகள் பெரும்பாலும் வீணாய்ப்போன பொருட்களிலிருந்து கையால் செய்தவை. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார்கள். பணியாளர் வந்து விளையாடிய குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. வளர்ச்சி குன்றாமல் பிறந்து வளர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பால்மாவு மட்டும் பெற்ற குழுவில் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. சத்துணவால் பயன் இல்லை என்று இதற்கு அர்த்தமாகாது. அது தனியாக நின்று இந்த வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? "கல்வி" என்றதும் பலர் மனதில் சிலேட்டும் எழுத்தும் வந்துவிடுகிறது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரே அறை கொண்ட வீடு. அம்மா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தைத்துத் தரும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நிறுத்தினால் காசு நின்றுவிடும். இரண்டரை வயதுப் பையன் ஒரு காலி நூற்கண்டை உருட்டிக்கொண்டு அம்மாவின் காலைத் தொடுகிறான். "தொந்தரவு பண்ணாதே" என்கிறார் அவர், தலையை நிமிர்த்தாமல். பையன் மூலைக்குப் போய்விடுகிறான். அப்போது எங்கள் பணியாளர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து அந்த நூற்கண்டைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, "எங்கே போச்சு?" என்று கேட்டார். பையன் குனிந்து பார்த்தான். "அங்ங" என்றான். "ஆமாம், அங்கே! கட்டிலுக்கு அடியில் போயிடுச்சு" என்றார் அவர். இதையே எத்தனையோ முறை. அடுத்த சில வாரங்களில் ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன். அம்மாவின் கால் மிதியை மிதித்துக்கொண்டே இருக்கிறது, துணியை விட்டுக் கண் எடுக்கவில்லை, ஆனால் வாய் மட்டும், "எங்கேடா போச்சு? கதவுக்குப் பின்னாலயா?" என்று கேட்கிறது. பையன் கதவுக்கு ஓடுகிறான், "பின்னால" என்கிறான்.

இதுதான் முன்பருவக் கல்வி. குழந்தை ஒன்றைக் காட்டுகிறது, பெரியவர் அதைப் பார்த்துப் பதில் சொல்கிறார், குழந்தை மறுபடி ஏதோ செய்கிறது. இந்தப் போக்குவரத்து ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். கொஞ்சம் ஓய்ந்த மனதுள்ள ஒரு பெரியவர் வேண்டும்.

வறுமை பறிப்பது முதலில் அதைத்தான். ஏழைப் பெற்றோருக்கு அன்பு குறைவு என்றோ, பேசத் தெரியாது என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நேரம் இல்லை, வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனையோ வீடுகளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்காதான். அவளே ஒரு குழந்தை. அவளுடைய பள்ளியும் அதோடு போய்விடுகிறது.

உணவும் கூரையும் இருந்து, பதில் சொல்லும் பெரியவர் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சியின் கொள்கைகளால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 2000-இல் அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு அப்படிப்பட்ட 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். விடுதியில் இருந்த குழந்தைகளுக்குப் படுக்கை இருந்தது, சாப்பாடும் கிடைத்தது. ஆனால் அழுதால் வருவதற்கு ஆள் போதவில்லை. அறிவு வளர்ச்சியில் அவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதிலும் ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்கள் பல விஷயங்களில் கூடுதலாகத் தேறினார்கள். "மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன அவசரம்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஆய்வுதான்.

"அப்படியானால் பெற்றோர் கையில் பணத்தைக் கொடுத்துவிடலாமே, நேரம் தானாக வருமே" என்பார்கள். கொடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலக வங்கியும் யுனிசெஃபும் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாளுக்கு 2.15 டாலருக்கும் குறைவான வருமானத்தில் வாழும் குழந்தைகள் 33 கோடிக்கு மேல், அதாவது ஆறில் ஒரு குழந்தை. அவர்களுக்குப் பணம் தராமல் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது நியாயமே இல்லை. ஆனால் பணம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் 2018-இல் தொடங்கி, பச்சிளம் குழந்தை உள்ள 1,000 ஏழைத் தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்துவந்தார்கள். நான்கு வயதில் பார்த்தபோது இரு தரப்புக் குழந்தைகளின் மொழியிலும் நடத்தையிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அந்தப் பணம் வாடகைக்கும் துணிமணிக்கும் உதவியிருக்கும். அதுவே அதைத் தொடர்ந்து கொடுக்கப் போதுமான காரணம். குழந்தையோடு உட்கார ஒருவர் வேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே நிற்கிறது.

பலன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் பெயருக்கு ஒரு மையம் திறந்துவிட்டால் வராது. இதை முன்பருவக் கல்விக்காகப் பேசுகிற நாங்களே உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் தரப்பில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளி ஆய்வை. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். அவர்களில் 58 பேருக்கு மட்டும் பள்ளி. தினமும் காலையில் இரண்டரை மணி நேரம்தான். இருபது, இருபத்தைந்து குழந்தைகளுக்கு நான்கு ஆசிரியர்கள். அதற்கு மேல் வாராவாரம் ஆசிரியரே வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் இருந்தார். நாற்பது வயதில் பார்த்தபோது அந்தப் பள்ளிக்குப் போனவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், போலீஸ் வழக்குகளில் குறைவாகச் சிக்கியிருந்தார்கள். அதே பள்ளியால் ஏறிய அறிவுத்திறன் மதிப்பெண் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனது. அதை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தியிருந்தால் திட்டம் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்கள்.

இன்னொரு பக்கம் டென்னசி. அந்த மாநிலம் பெரிய அளவில் நடத்திய பாலர் வகுப்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. இடம் கிடைத்துச் சேர்ந்த குழந்தைகள், கிடைக்காமல் போனவர்களைவிட ஆறாம் வகுப்பில் தேர்வு மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு மீறல் புகார்களும் அவர்கள் மேல் அதிகம் இருந்தன. ஏன் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. என் கணிப்பு, என் அனுபவத்திலிருந்து வருவது: நான்கு வயதுக் குழந்தையை வரிசையில் நிறுத்தி, வாயை மூடி உட்காரச் சொல்லி, எழுத்தை ஒப்பிக்க வைத்தால் அது வகுப்பை வெறுக்கத் தொடங்கும். முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் பணியாளரை நான் பார்த்திருக்கிறேன். காலை முழுக்க அவர் வாயிலிருந்து வருவது "உட்காரு", "பேசாதே", "கையை எடு" மட்டும்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாலு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆவார்கள்.

ஆகவே கேட்பது என்று ஆனபின் எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கட்டடம் கேட்டால் எளிதில் கிடைக்கும். அதற்கு ஒருமுறை பணம் ஒதுக்கினால் போதும். சம்பளம் ஆண்டுதோறும் வேண்டும் என்பதால் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதனால்தான் நான் எப்போதும் ஆளைக் கேட்கிறேன். ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள்? அவர் சம்பளத்தில் அவர் குடும்பம் நடத்த முடியுமா? ஓர் ஆண்டுக்குள் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள்? (குழந்தை ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் காணாமல் போவதும், பிறகு இன்னொருவர் வருவதும் மிகக் கொடுமை.) வீட்டுக்குப் போய்வர அவருக்கு நேரமும் பயணச் செலவும் கொடுத்திருக்கிறார்களா?

நிதித்துறையினரிடம் பேசும்போது பலர் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனின் கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள்: பெர்ரி பள்ளியில் போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சமூகத்துக்குத் திரும்பி வந்தது என்பது. பயனுள்ள கணக்கு, நானும் சொல்வதுண்டு. ஆனால் அதை முதலில் வைப்பதில்லை. லாபம் வராவிட்டால் இந்தக் குழந்தைக்கு எதுவும் தர வேண்டாமா என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, தன் வளர்ச்சிக்குப் போதுமான வாழ்க்கைத்தரம் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்கிறது. கையெழுத்துப் போட்ட அரசுகளிடம் அதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கணக்கைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது வேறொன்று. முடிவெடுப்பவரை மையத்துக்கு அழைத்துவந்து அரை மணி நேரம் குழந்தைகளோடு தரையில் உட்கார வைப்பேன். முன்னறிவிப்பு, வரவேற்பு, பாட்டு எதுவும் வேண்டாம் என்று பணியாளர்களிடம் கேட்டுக்கொள்வேன். ஒரு குழந்தை ஒரு மூடியை எடுத்துவந்து அவர் மடியில் போடும். அவர் ஏதாவது சொல்வார். அது இன்னொன்றை எடுத்துவரும். அதற்குள் மூலையில் இன்னொரு குழந்தை அழத் தொடங்கும், பணியாளரால் எழுந்து போக முடியாது, ஏனென்றால் கையில் வேறொரு குழந்தை. திரும்பிப் போகும்போது அவர்களில் சிலராவது என்னிடம் கேட்பது, "இங்கே இன்னும் ஒருவர் வேண்டும் இல்லையா?" என்பதுதான். அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கை எழுதி நான் பையில் வைத்திருப்பேன், உடனே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.