மலிவு ஸ்மார்ட்போனும் மலிவு டேட்டாவும் இந்தியாவில் சாதாரண மக்களின் வாழ்க்கையை உண்மையிலேயே மாற்றினவா? எல்லாம் ஜியோவால் வந்ததுதானா?

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். சிம், ரீசார்ஜ், செகண்ட் ஹேண்ட் போன், டெம்பர் கிளாஸ், சர்வீஸ் எல்லாம் உண்டு. மாறியது உண்மை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

2016-க்கு முன்னால் 1 ஜிபி டேட்டா மாதத்துக்குச் சுமார் 250 ரூபாய். எங்கள் ஊரில் அதைப் போட்டவர்கள் கொஞ்சம்தான். காலேஜ் பையன்கள்கூடச் சின்ன பேக் போட்டு, வாட்ஸ்அப் பார்த்ததும் டேட்டாவை ஆஃப் பண்ணிவிடுவார்கள். மறந்து ஆனில் விட்டு, மெயின் பேலன்ஸ் மொத்தமும் கரைந்து, "காசு எடுத்துட்டான்ணே" என்று வந்து நிற்பார்கள். மெமரி கார்டில் பாட்டும் காமெடியும் ஏற்றித் தருவதுதான் அன்றைக்குக் கடைகளில் நல்ல ஓட்டமான வேலை. யூடியூப் என்பது வைஃபை இருக்கிற வீட்டுக்காரர்கள் பார்ப்பது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டிசம்பர் வரை இலவசம் என்றார்கள், பிறகு அதை 2017 மார்ச் வரை நீட்டினார்கள். இது திடீரென்று வந்ததில்லை. 2010-லேயே நாடு முழுவதற்குமான பிராட்பேண்ட் அலைக்கற்றையை ஏலத்தில் எடுத்திருந்த இன்ஃபோடெல் நிறுவனத்தை ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. கட்டியதும் முழுக்க 4ஜி நெட்வொர்க். பேச்சும் டேட்டாவாகவே போவதால், காலுக்குத் தனிக் காசு இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. சிம் கொடுப்பதும் மாறியது. முன்பு போட்டோ, ஜெராக்ஸ், கையெழுத்துப் போட்ட ஃபாரம் எல்லாம் வாங்கி அனுப்பிவிட்டு ஆக்டிவேட் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். ஆதார் விரல்ரேகை வந்த பிறகு சில நிமிடத்தில் லைன் கிடைத்தது.

ஆனால் ஜியோ மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும். சிம் இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் போட 4ஜி போன் வேண்டுமே! அந்த நாட்களில் கடைக்கு வந்த எல்லோரும் கேட்ட கேள்வி, "இதுல ஜியோ எடுக்குமா?" என்பதுதான். 2014-ல் ரெட்மி போன் செய்கிற சீனக் கம்பெனி ஷாவ்மி ஆன்லைனில் மட்டும் விற்க ஆரம்பித்து, ஐயாயிரம் ஆறாயிரம் ரூபாய்க்கு உருப்படியான போன் செய்ய முடியும் என்று காட்டியிருந்தது. சாம்சங்கும் விலையிறங்கி வந்தது. ரிலையன்ஸே லைஃப் என்ற பெயரில் 3,000 ரூபாய்க்குள் 4ஜி போன் விட்டது. இந்த அடியில் மைக்ரோமேக்ஸ், கார்பன், இன்டெக்ஸ் மாதிரி நம் நாட்டு பிராண்டுகள் இரண்டு மூன்று வருஷத்துக்குள் கடை ஷெல்ஃபிலிருந்தே காணாமல் போயின. போனும் டேட்டாவும் ஒரே நேரத்தில் விலை இறங்கியதால்தான் இவ்வளவு வேகம்.

சரி, மக்களுக்கு என்ன ஆனது? என்னைக் கேட்டால், எம்பி எண்ணுகிற பழக்கம் போனதுதான் பெரிய மாற்றம். 2017 ஜூலையில் 399 ரூபாய்க்கு 84 நாள், தினம் 1 ஜிபி என்ற நிலை வந்துவிட்டது. தினமும் தீர்ந்து தினமும் வருகிற டேட்டா என்றதும், தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கிற தைரியம் வந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். ஐஎஸ்டி காசுக்குப் பயந்து நாலு வார்த்தை பேசி வைத்தவர்கள், வீடியோ கால் பேசுகிற ஐஎம்ஓ ஆப்பைப் போட்டுத் தரச் சொல்லிக் கடைக்கு வந்தார்கள். பிள்ளை பிறந்து முகமே பார்க்காமல் இருந்த அப்பாக்கள் தினமும் ராத்திரி பார்த்தார்கள். இதை என்னால் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. 2017-ல் கூகுள் தமிழில் பேசினாலே டைப் ஆகும் வசதியைக் கொடுத்தது. மைக்கை அழுத்தி, "நெல்லுல குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து" என்று கேட்கிற விவசாயியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தாத்தாவும் பேரன்களுமாக ஆரம்பித்த வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த அந்த வீடியோக்களைப் பார்க்கவும் ஊரெல்லாம் டேட்டா இருக்க வேண்டியிருந்தது.

யுபிஐ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரும் இந்த டேட்டா இல்லாமல் ஓடியிருக்காது என்பது மட்டும் போதும்.

எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா என்றால், இல்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு ஒரே போன். அப்பா அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார், பிள்ளைகள் அவர் திரும்பும் வரை காத்திருப்பார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்த வேண்டி வந்ததே அதனால்தான். அப்புறம் கடன் ஆப்கள். ஐயாயிரம் வாங்கிவிட்டுக் கட்ட முடியாமல், போனில் இருக்கிற நம்பர்களுக்கெல்லாம் அசிங்கமான மெசேஜ் போகுமே என்று நடுங்கிக்கொண்டு ஆப்பை அழிக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு. அழித்தால் தீராது, சைபர் கிரைம் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. இலவசத்தோடு போட்டி போட முடியாமல் கம்பெனிகள் விழுந்தன. தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. அதே ஆண்டுக் கடைசியில் பழைய கம்பெனிகள், மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டால்தான் லைன் இருக்கும் என்றன. அதற்கு முன் லைஃப்டைம் சிம் வைத்திருந்த ஒரு பாட்டி, எப்போதாவது 10 ரூபாய் டாப்-அப் போட்டு வருஷக்கணக்கில் இன்கமிங் வாங்கிக்கொண்டிருந்தார். 2024 ஜூலையில், 28 நாளுக்குத் தினம் 1.5 ஜிபி தரும் ஜியோ பிளான் 239-லிருந்து 299 ஆனது. மற்றவர்களும் ஏற்றினார்கள். டேட்டா பார்க்கிறவருக்கு இன்றும் இது மலிவுதான். பட்டன் போனில் மகன் கூப்பிடுவதை எடுக்க மட்டும் வைத்திருக்கும் பாட்டிக்கு அப்படி இல்லை.

டேட்டா இல்லாத பிளானும் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. பெரிய கம்பெனிகள் கொடுத்தன. 84 நாளுக்கு 400 ரூபாய்க்கு மேல். முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவர் ஒரே தடவையில் எடுத்து வைக்கிற தொகையா அது? இன்கமிங்குக்கு மட்டும், மாதம் 30, 40 ரூபாயில் ஒரு பிளான் எல்லாக் கம்பெனியும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று டிராய் அடுத்துச் சொல்ல வேண்டும்.