ஒரு குழந்தையின் இரத்தம் இன்னொன்றுக்குப் போகிறதா?

கேள்வி: எனக்கு 19 வாரக் கர்ப்பம். இரட்டைக் குழந்தைகள், ஒரே நஞ்சுக்கொடி. நேற்று எடுத்த ஸ்கேனில் ஒரு குழந்தைக்குப் பனிக்குட நீர் 9.5 செ.மீ. ஆழம் இருப்பதாகவும், மற்றதற்கு 1 செ.மீ.தான் என்றும், அதன் சிறுநீர்ப்பை தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். லேசர் சிகிச்சைக்கு உடனே சென்னைக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். நான் சரியாகச் சாப்பிடாததால்தான் ஒன்று இளைத்துவிட்டது என்கிறார் மாமியார். சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதழ் அச்சேறும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அன்று இது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே இவரைத் தொலைபேசியில் அழைத்து, பொறுக்க வேண்டாம், கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நஞ்சுக்கொடி ஒன்றுதான். அதில் இருவருடைய இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பெரும்பாலான கர்ப்பங்களில் போக்கும் வரவும் ஈடாகிவிடுவதால் தொல்லை இருப்பதில்லை. நூற்றில் 10 முதல் 15 கர்ப்பங்களில் மட்டும் இரத்தம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது; இரட்டையர் இரத்தப் பரிமாற்ற நோய் (TTTS) என்பது இதுதான். குழாய்கள் எப்படி இணைந்தன என்பதற்கும் தாய் சாப்பிட்ட சோற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மாமியாருக்கு அவசியம் சொல்லுங்கள்.

இரத்தத்தை இழக்கும் குழந்தையின் சிறுநீரகங்களுக்கு ஓட்டம் குறைவதால் சிறுநீர் சுரப்பதும் குறைந்து, கடைசியில் நின்றுபோகிறது. இந்த மாதங்களில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான்; ஆகவே நீர் வற்றி, சவ்வு உடம்போடு ஒட்டி, பொட்டலம் கட்டினாற்போல் அது கருப்பைச் சுவரோடு ஒண்டிக்கொள்கிறது. தாய் ஒருக்களித்துப் படுத்தாலும் அது இடம் மாறுவதில்லை என்பதை ஸ்கேன் திரையிலேயே பார்க்கலாம். இரத்தம் கூடுதலாகப் பெறும் குழந்தையாவது நலமாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. அளவுக்கு மீறிய இரத்தத்தை இறைத்து இறைத்து அதன் இதயம் களைத்துப்போகும். உடம்பெங்கும் நீர் கோத்துக்கொள்ளும்.

கின்டெரோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999-இல் இந்நோயை ஐந்து நிலைகளாக வகுத்தனர். சிறுநீர்ப்பை தென்படாத உங்கள் நிலை இரண்டாவது. அப்படியே விட்டால் பெரும்பாலும் இரு குழந்தைகளையுமே இழக்க நேரிடும். முன்பெல்லாம் கூடுதல் நீரை ஊசி மூலம் வடித்துக்கொண்டிருந்தார்கள்; அது வயிற்றின் இறுக்கத்தைத் தணிக்குமே தவிர, குழாய் இணைப்பைத் தொடாது. ஐரோப்பாவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், நீர் வடித்தவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கும், லேசர் பெற்றவர்களில் 76 பேருக்கும் குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள்வரை உயிரோடு இருந்தது. வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் அந்த ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

சிகிச்சையில் சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள குழாய் வழியே கேமராவைக் கருப்பைக்குள் செலுத்தி, இணைந்திருக்கும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடி லேசரால் அடைக்கிறார்கள். பிறகு மிகுதி நீரை வெளியேற்றுகிறார்கள். 16 முதல் 26 வாரத்துக்குள் செய்வதே வழக்கம். அடைத்த புள்ளிகளை ஒரு கோடாக இணைத்து, நஞ்சுக்கொடியில் இரு குழந்தைகளின் பகுதிகளுக்கு இடையிலான முழு எல்லையையும் சுட்டுவிடும் முறை மேலானது என்பதை 2014-இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. அதில் நோய் திரும்புவது நூற்றுக்கு 7-இலிருந்து 1 ஆகக் குறைந்தது.

இனி கசப்பான பகுதி. தேர்ந்த மையங்களில்கூட இரண்டு குழந்தைகளும் பிழைப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பனிக்குடம் முன்னதாக உடையலாம். குறைப்பிரசவம் ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டியதே. ஆகவே பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிழைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நரம்புக் குறைபாடின்றி வளர்கிறார்கள் என்றாலும், சில ஆண்டுகள் வளர்ச்சிப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: எனக்கு 13 வாரம். எனக்கும் ஒரே நஞ்சுக்கொடி இரட்டையர்தான். தொந்தரவு எதுவும் இல்லாதபோது இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எதற்கு? பணம் பிடுங்குகிறார்களோ என்று கணவர் சந்தேகப்படுகிறார்.
- வாசகி, மதுரை

பதில்: அவர் சந்தேகப்படுவதில் வியப்பில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் சொல்வதே சரி. ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதுதான் உலகெங்கும் உள்ள நடைமுறை. முன் சொன்ன நோய் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையிலேயே முற்றிவிடக்கூடியது. நீரின் அளவு சரியாக இருந்தும் ஒன்றுக்கு இரத்தசோகையும் மற்றதற்கு இரத்தம் கெட்டிப்படுவதுமாக ஓசையின்றி வரும் இன்னொரு சிக்கலும் உண்டு. 20-ஆம் வாரத்துக்குப் பிறகு குழந்தையின் மூளை இரத்தக் குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தால்தான் அது பிடிபடும். இடையில் இரண்டு மூன்று நாளிலேயே வயிறு சட்டென்று பெருத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, குறித்துக்கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.