வாசகர் கேள்வி: அணிக்கோவைதான் தம்பி டிடெர்மினன்ட்!

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் பாதி புரிவதில்லை. பிளஸ் டூ கணக்கில் 91 எடுத்த நான் முதல் இன்டர்னலில் 50-க்கு 14. மற்றவர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள். 'கோட்டாவில் வந்தவன்' என்று ஒருவன் சொல்லியும் விட்டான். ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால், உங்கள் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வீட்டிலிருந்து வரவழையுங்கள், யாராவது அதைப் பழைய பேப்பர் கடையில் போடுவதற்குள். அதில் முதல் பாடம் என்ன? அணிகள், அணிக்கோவைகள், நேர்மாறு அணி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் செமஸ்டர் கணக்கில் முதல் யூனிட் என்ன? மேட்ரிக்ஸ். அணிக்கோவை டிடெர்மினன்ட் ஆகிவிட்டது, நேர்மாறு இன்வெர்ஸ் ஆகிவிட்டது, உங்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐகன் வேல்யூ என்று ஒன்று பயமுறுத்துகிறதா? அணியின் மூலைவிட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் லாம்டா என்ற, கண்டுபிடிக்க வேண்டிய எண்ணைக் கழித்து, வருகிற அணிக்கோவையைப் பூஜ்ஜியத்துக்குச் சமமாக்கித் தீர்க்க வேண்டும். அணிக்கோவையை விரிக்கத் தெரியும், முப்படிச் சமன்பாடு தீர்க்கத் தெரியும், 91 எடுத்தவருக்கு அப்புறம் என்ன?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் திசைவேகம், அந்தப் பக்கம் வெலாசிட்டி. இந்தப் பக்கம் தொகையிடல், அந்தப் பக்கம் இன்டெக்ரேஷன். வகுப்பில் புரியாத சொல்லைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்திலேயே கிறுக்கிக்கொண்டு, இரவு அதற்கு ஜோடி தேடுங்கள். சந்தேகத்தை சாரிடம் தமிழிலேயே கேட்கலாம், வெட்கமே வேண்டாம். ஆனால் விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகியாக வேண்டும், தேர்வு அதில்தானே.

தலையாட்டுகிறார்கள் என்றீர்களே, கரும்பலகைப் பக்கம் நின்று பல வருஷம் பார்த்தவன் சொல்கிறேன்: பக்கத்தில் இருப்பவன் ஆட்டுவதைப் பார்த்து ஆட்டுகிற தலைகள்தான் அதிகம். 'டவுட் இருக்கா' என்று கேட்டால் ஒரு கைகூட எழும்பாத வகுப்பு, மணி அடித்ததும் வராந்தாவில் நின்று 'என்னடா சொன்னாரு' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் போய் நில்லுங்கள், நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

மதிப்பெண் கணக்கு: 2021 விதிமுறைப்படி எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 14 போனது போகட்டும், அடுத்த இன்டர்னல் இருக்கிறது. இதற்கு நடுவில் 'தமிழர் மரபு' என்று ஒரு தாள் வரும், அதில் நடுகல் என்றால் என்ன என்று கேட்டு உங்கள் அறைக் கதவைத் தட்டப்போகிறவர்கள் இன்று தலையாட்டுகிற அதே ஆட்கள்தான்.

கோட்டா என்று சொன்னவனுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் சட்டம் போட்டுக் கொடுத்த இடம் அது, அதற்குள்ளும் கட்-ஆஃப் வாங்கித்தான் வந்திருக்கிறீர்கள். தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா? இல்லை என்றால் நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: மகள் ஹாஸ்டலில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி போன் செய்து அழுகிறாள். கூட்டி வந்துவிடலாமா? (ஒரு அம்மா, கும்பகோணம்)

பதில்: அம்மா, 'அழாதே' என்பதை நிறுத்திவிட்டு, 'இன்னைக்கு யார்கூட சாப்பிட்டே' என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தினம் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தால் முழுக்கவே தீர்ந்தது. படுக்கப்போகும் நேரத்துப் பேச்சுதான் அழுகையைக் கிளப்பும், சாயங்காலம் டீ நேரத்தில் பேசிப்பாருங்கள். ஆனால் அவள் சாப்பிடவே போவதில்லை, வகுப்புக்குப் போவதில்லை, ஏதோ ஒரு சீனியர் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறாள் என்றால் அது வீட்டு ஞாபகம் இல்லை. உடனே கிளம்பி நேரில் போய்ப் பாருங்கள். சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் 1996-இல் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங்குக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, இரண்டு ஆண்டு வரை சிறை. 1800-180-5522 கட்டணமில்லா எண், யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம்.

கேள்வி: சீனியர் ஒருவர் பழைய டிராஃப்டர் (வரைபலகையில் மாட்டிக் கோடு போடும் கருவி) தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, புதுசே வாங்கிவிடவா? (முதலாண்டு மாணவி, சேலம்)

பதில்: என்ன அவசரம்? 2021 விதிமுறை என்றால் என்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் இரண்டாம் செமஸ்டரில்தான். பழையதே போதும், ஆனால் பலகையில் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, டிராஃப்டரைக் கீழே இறக்கி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் இணையாக வரவில்லை என்றால், ஐம்பது ரூபாய்க்குத் தந்தாலும் வேண்டாம்.