வியன்னா 1815: கூட்டாளிகளே ஒருவரையொருவர் சந்தேகித்த கதை (கேள்வி பதில்)

நெப்போலியனை 1814 ஏப்ரலில் பதவியிறக்கிய நான்கு வல்லரசுகள், ஒன்பதே மாதத்தில் தங்களுக்குள் போருக்கு நின்றன என்று எழுதியிருந்தேன். நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவின் எல்லைகளை முடிவு செய்ய ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் கூடிய மாநாட்டில்தான் அது நடந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

சேர்ந்து போரிட்டபோதே எல்லாம் பேசி முடித்திருக்க மாட்டார்களா, சார்?

பாதிதான் பேசினார்கள். 1814 மார்ச்சில் ஷோமோன் என்ற ஊரில் பிரிட்டன், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா நான்கும் கையெழுத்துப் போட்டன. ஆளுக்கு 1,50,000 வீரர்கள், யாரும் தனியாகச் சமாதானம் பேசக் கூடாது, செலவுக்குப் பிரிட்டன் 50 லட்சம் பவுண்டு தரும். போலந்து யாருக்கு என்பதை மட்டும் தொடவே இல்லை. தொட்டிருந்தால் கூட்டணி அங்கேயே உடைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

போலந்தில் அப்படி என்ன சிக்கல்?

மொத்த முடிச்சும் அதில்தான். நெப்போலியன் உருவாக்கிய வார்சா நாட்டை 1813இலேயே ரஷ்யப் படை பிடித்துவிட்டது. ஜார் அலெக்சாந்தர் அதைத் தன் தலைமையில் போலந்து ராஜ்ஜியமாக்க நினைத்தார். அப்படியானால், முன்பு போலந்தை அண்டை நாடுகள் பங்கிட்டுக்கொண்டபோது பிரஷ்யாவுக்குக் கிடைத்திருந்த நிலம் போய்விடும். அதற்கு ஈடாகப் பக்கத்து ஜெர்மானிய நாடான சாக்சனி முழுவதும் வேண்டும் என்றது பிரஷ்யா. சாக்சனி மன்னர் கடைசிவரை நெப்போலியன் பக்கம் நின்று லைப்சிக் போரில் பிடிபட்டவர், அவருக்காகப் பரிந்துபேச அதிகம் பேரில்லை.

ஆனால் சாக்சனி போனால் பிரஷ்யா ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்த பொஹீமியாவின் வாசலுக்கே வந்துவிடும். ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக்குக்குத் தூக்கம் போனது அதனால்தான். பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் காசல்ரேக்கோ வேறு கவலை: பிரான்ஸை அடக்கியதெல்லாம் அந்த இடத்தில் ரஷ்யாவை உட்காரவைக்கவா? ஜாரிடம் யார் என்ன வாதாடினாலும், நிலத்தின் மேல் நின்றது அவருடைய படை. எழுப்பிவிடுவது யார்?

மாநாட்டில் ஒருவரையொருவர் வேவு பார்த்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். வீட்டுக்காரர் ஆஸ்திரியாவே அதில் முன்னணி. ஹாகர் என்பவரின் போலீஸ், விருந்தினர் வீட்டு வேலைக்காரர்களைக் கையில் போட்டுக்கொண்டது. குப்பைக்கூடைத் தாள்களும் அடுப்பில் அரைகுறையாக எரிந்த துண்டுகளும் ஒட்டிப் படிக்கப்பட்டன. கடிதங்களைப் பிரித்து, நகலெடுத்து, மறுபடி முத்திரை வைத்து அனுப்பினார்கள். பிரிட்டிஷார் உஷாராகித் தாங்களே பணிப்பெண்களை அமர்த்திக்கொண்டார்கள்.

தோற்ற பிரான்ஸ் எப்படி உள்ளே நுழைந்தது?

பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் தாலேரானின் சாமர்த்தியம். முதல் கூட்டத்திலேயே ஆவணத்தில் ‘நேச நாடுகள்’ என்றிருந்ததைப் பிடித்துக்கொண்டார். நெப்போலியனை எல்பா தீவுக்கு அனுப்பியாயிற்று, சமாதானமும் கையெழுத்தாகிவிட்டது, அப்புறம் யாருக்கு எதிராக நேசம் என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சுவர், அவர் விரலை வைத்தார், அவ்வளவுதான்.

நிஜமாகவே போர் வந்திருக்குமா?

1814 டிசம்பர் கடைசியில், சாக்சனியை மறுத்தால் அதைப் போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்ற தொனிக்குப் பிரஷ்யா வந்துவிட்டது. அதே நேரம், தான் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவுடன் சமாதானமான செய்தி வர, பிரிட்டனுக்குக் கை சும்மாவானது. 1815 ஜனவரி 3 அன்று பிரிட்டன், ஆஸ்திரியா, நேற்றைய எதிரியான பிரான்ஸ் மூன்றும் ரகசிய ஒப்பந்தம் போட்டன. ஆளுக்கு 1,50,000 வீரர்கள்! கசிவு காதில் விழுந்ததும் பிரஷ்யா இறங்கிவந்தது. சாக்சனியில் ஒரு பகுதியும் ரைன் கரை நிலமும் வாங்கிக்கொண்டது. ஜாருக்குப் போலந்தின் பெரும்பகுதி கிடைத்தது; அங்கிருந்த கிராக்கோவ் மட்டும் தனிச் சுதந்திர நகரமானது.

நம்ம ஊருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பிரான்ஸுடன் போட்ட சமாதான ஒப்பந்தமான 1814 பாரிஸ் ஒப்பந்தப்படிதான் புதுச்சேரியும் காரைக்காலும் பிரிட்டனிடமிருந்து பிரான்ஸுக்குத் திரும்பின. கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுதான் படை என்ற நிபந்தனையோடு.

ரகசிய ஒப்பந்தம் ஜாருக்குத் தெரியவந்ததா?

வந்தது, அதுவும் நெப்போலியன் மூலமாக. எல்பாவிலிருந்து தப்பி அவர் மார்ச் 20இல் பாரிஸ் வந்தபோது, முந்தைய இரவு ஓடிப்போன மன்னர் 18ஆம் லூயி அந்தத் தாளை விட்டுவிட்டுப் போயிருந்தார். கூட்டணியைப் பிரிக்கலாம் என்று நெப்போலியன் அதை ஜாருக்கு அனுப்பினார். ஜார் மெட்டர்னிக்கை அழைத்துத் தாளைக் காட்டி, நெருப்பில் போட்டுவிட்டார் என்று சொல்வார்கள். நெப்போலியனை எதிர்க்க நால்வரும் மார்ச் 25இலேயே மறுபடி சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கு எத்தனை வீரர்கள் தெரியுமா? அதே 1,50,000.