வாசகர் கேள்வி – பதில்: கோவையிலிருந்து சென்னைக்கு அரை மணி நேரம் போதாதா?

கேள்வி: கோவை, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் சுமார் 405 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கிறதே, ஏன்? வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல, வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
– வாசகர், குன்னூர்

பதில்: 405 கி.மீ. என்பது பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். டிக்கெட்டில் உள்ள நேரமோ, பீளமேட்டில் விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்குவது முதல் மீனம்பாக்கத்தில் மறுபடி வந்து நிற்பது வரையிலான முழு நேரமாகும்.

நீங்கள் சொல்லும் 800 கி.மீ. வேகம் உயரத்தில் சமமாகப் பறக்கும்போது மட்டுமே கிடைக்கும். 30,000 அடிக்கு ஏறவே ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகின்றன. இறங்கும்போது ஒவ்வோர் 1,000 அடிக்கும் சுமார் 5.5 கி.மீ. தேவை என்பது விமானிகளின் பொதுக் கணக்கு. அதன்படி சென்னைக்கு 165 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஆகவே இவ்வளவு குறுகிய வழித்தடத்தில் முழு வேகத்தில் பறப்பதற்கு எஞ்சுவது சில நிமிடங்களே. மேலும், விமானம் காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும் என்பதால், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் விமானம் பெரும்பாலும் நகரைக் கடந்து கடலுக்கு மேல் சென்று, அங்கே திரும்பி மேற்கு நோக்கித் தரையிறங்குகிறது. சென்னையில் வரிசை நீண்டிருந்தால் வானில் காத்திருக்கவும் நேரும்.

மலையில் இருப்பவர்கள் கணக்கிட வேண்டியது வானத்தை அல்ல, மலைப்பாதையைத்தான். குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு, மேட்டுப்பாளையம் வழியாக விமான நிலையம் சேரச் சாதாரண நாளிலேயே இரண்டரை மணி நேரம் ஆகலாம். கோடை சீசனில் கீழே இறங்கும் வாகனங்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம்; மழைக்காலத்தில் மரமோ மண்ணோ சரிந்தால் பாதையே அடைபடும். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் முடிந்துவிடும். எனவே விமானம் புறப்படுவதற்கு ஐந்து மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்புங்கள். அதிகாலை விமானம் என்றால், பெரியவர்களை இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் அலைக்கழிக்காமல் முந்தைய நாள் மாலையே கோவைக்கு இறங்கிவிடுங்கள். அவசரமில்லை என்றால், மேட்டுப்பாளையத்தில் இரவு ஏறிக் காலையில் சென்னையில் இறங்கும் நீலகிரி எக்ஸ்பிரஸையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கும் எங்களுக்கு மதுரை–சென்னை விமானத்திலும் இதே கணக்குதானா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: ஏறக்குறைய இதேதான். வான்வழித் தூரம் சுமார் 416 கி.மீ. டிக்கெட் எடுக்கும்போது விமான வகையையும் பாருங்கள். ஏடிஆர் போன்ற, இறக்கை விசிறி உள்ள சிறிய விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும், ஆனாலும் ஜெட் விமானத்தைவிடக் கால் மணி நேரம் அளவுக்கே கூடுதலாகும். வத்தலக்குண்டு வழியாக மதுரை விமான நிலையம் சேர நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.