கழுதை விட்டையை மன்னாரிலிருந்து திருகோணமலைக்கு எடுத்து வந்து போட்டால் பிரயோசனம் உண்டா?

திருகோணமலைப் பக்கம் கழுதை, கோவேறு கழுதை எருவை யாராவது பாவிக்கிறார்களா, மன்னாரிலிருந்து லொறியில் இறக்கினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒருமுறை இறக்கிப் பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

இங்கே யாரும் பாவிப்பதில்லை. காரணம் எளிது, இங்கே கழுதை இல்லை. மூதூர், கிண்ணியாப் பக்கம் மாட்டுப்பட்டிகள் இருக்கின்றன. நிலாவெளி, குச்சவெளி வெங்காயத் தோட்டங்களுக்கு மாட்டெருவும் ஆட்டுப்புழுக்கையும்தான் போகும். இலங்கையில் கழுதை என்றால் மன்னார், அடுத்து கற்பிட்டி. கோவேறு கழுதைக்கு ஆண் கழுதையும் பெண் குதிரையும் சேர வேண்டும். அது நம் கமத்தில் இருந்ததே இல்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. மாட்டெரு விலை ஏறியது, சொல்லி வைத்தாலும் கிடைக்கவில்லை. மன்னார் டவுனில் இருக்கும் மச்சான் "இங்க ரோட்டு முழுக்கக் கழுதை, விட்டையை அள்ளுறதுக்கு ஆளில்லை" என்றான். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஒரு சின்ன லொறியில் சாக்கு சாக்காக வந்தது.

பிரித்துக் கொட்டினால் வைக்கோல் நறுக்கியது போல நார் நாராக இருந்தது. இடையில் பொலித்தீன் துண்டுகள். டவுன் கழுதைகள் குப்பையைத்தான் மேய்கின்றன, பாவம். பக்கத்துத் தோட்டத்து ஐயா கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை இப்பிடியே போட்டால் வெங்காயம் இல்லை, புல்லுத்தான் பிடுங்குவீர்" என்றார். நான் கேட்கவில்லை. பாதியை அப்படியே பாத்திக்குப் போட்டேன். மூன்றாம் கிழமை வெங்காயத் தாள் வெளிறி மஞ்சளாகிவிட்டது. களை எடுத்து எடுத்துக் கை ஓய்ந்தது. நடுநடுவே முள்ளுக் கன்றுகளும் முளைத்தன.

ஏன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். மாடு அசைபோடும், நாலு அறை வயிற்றில் தீனி நன்றாக அரைபடும். கழுதை, குதிரை, கோவேறு கழுதை மூன்றும் அசைபோடுவதில்லை. தீனி பெருங்குடலில்தான் புளிக்கும். அதனால் நாரும் விதையும் அதிகமாக முழுசாகவே வெளியே வரும். முள்மரக் காய்களைத் தின்றால் அந்த விதையும் சேர்ந்தே வரும். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் பரவியதில் காய் தின்ற கால்நடைகளுக்கும் பங்குண்டு. இன்னொன்று, குதிரை இனத்து எருவில் கரிச்சத்து (காபன்) அதிகம், தழைச்சத்தைப் (நைதரசன்) போல ஏறக்குறைய 30 மடங்கு. மக்காமல் மண்ணில் போட்டால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். நம் கடற்கரை மணலில் அது ஏற்கெனவே குறைவு. வெங்காயம் வெளிறாமல் என்ன செய்யும்?

மிச்சப் பாதியை ஐயா சொன்னபடி செய்தேன். நாலடி உயரத்துக்குக் குவித்து, கிளிசரிடியா இலையும் சாணிக் கரைசலும் சேர்த்து, பிழிந்தால் கை நனையும் அளவுக்கு ஈரம் வைத்து, பத்து நாளுக்கு ஒருக்கால் புரட்டினேன். உள்ளே கை வைக்க முடியாத சூடு. 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நின்றால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். ஓரத்தில் கிடப்பதை உள்ளே தள்ளிப் புரட்டுவது அதற்காகத்தான். மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசம் வந்தது. அடுத்த போகம் அதைப் போட்ட பாத்தியில் மண் ஈரத்தைப் பிடித்து வைத்தது கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே எரு கெட்டதில்லை, என் அவசரம்தான் கெட்டது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: குதிரை இனத்துச் சாணத்தில் ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமி இருக்கலாம். கையில் காயத்தோடு அள்ளாதீர்கள், தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வெளிநாடுகளிலும் எரு விலங்கோடுதான் நிற்கிறது. உலகிலேயே கழுதை அதிகமுள்ள எத்தியோப்பியாவில் சாணம் வயலுக்கு வருமுன் அடுப்புக்குப் போய்விடுகிறது. கேதார்நாத் பாதையில் ஆயிரக்கணக்கான கோவேறு கழுதைகள் சுமை ஏறுகின்றன, சாணம் வழியிலேயே விழுந்து மழையில் கழுவுப்படுகிறது. சீனாவில் 1990களில் ஒரு கோடிக்கு மேலிருந்த கழுதைகள் இப்போது 20 இலட்சத்துக்கும் குறைவு, காரணம் தோலைக் காய்ச்சி மருந்து செய்கிறார்கள். அந்தத் தோலுக்காகக் கழுதை அறுப்பதை 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியம் தடை செய்தது. விலங்கு குறைந்தால் எருவும் குறையும்தானே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். லொறிக் கூலி கொடுத்து இங்கே கொண்டுவராதீர்கள். அந்தக் காசுக்குப் பட்டிக்காரரிடம் பேசி, உழவுக்கு முன் நாலு இரவு உங்கள் காணியில் மாட்டை அடைக்கச் சொல்லுங்கள், மூத்திரமும் சேர்ந்து மண்ணுக்குள் போகும். கழுதை விட்டை மன்னார்த் தோட்டங்களுக்குத்தான் உரியது. மச்சான் இப்போது பொலித்தீனைப் பொறுக்கி எறிந்துவிட்டு வீட்டுக் கோடியில் குவித்து மக்க வைக்கிறான். அவன் முற்றத்து முருங்கைக்கு வேறு பசளை கிடையாது.