தலையாட்டும் ஜீப், திரும்ப மறுக்கும் லீவர்

கேள்வி: அண்ணா, அப்பா காலத்து மகேந்திரா ஜீப், சிஜே மாடல். போன வாரம் மழையில் நிலத்துக்குப் போகிற மண் வழியில் ஃபோர் வீல் போட்டேன். எடுக்க மறந்து அப்படியே தார் ரோட்டில் ஏறி ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்துவிட்டேன். இப்போது லீவர் டூ வீலுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸை (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: இறக்காதீர்கள். வண்டியை நேராக வைத்து ரிவர்ஸில் பத்து இருபது அடி மெதுவாகப் போங்கள், போகிறபோதே கிளட்சை மிதித்து லீவரை லேசாக இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொத்தென்று விழுந்துவிடும். விழவில்லையா, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். டயர் தரையை விட்டு எழும்பும்போது சட்டென்று தானாகச் சுற்றும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அது சுற்றுகிறதே, அதுதான் உங்கள் வியாதி. இந்த வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துவிடும். தாரில் வழுக்க வழியில்லாமல் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கு ஏறிக்கொண்டே போகும், அந்த இறுக்கத்தில்தான் லீவர் மாட்டிக்கொள்கிறது. இப்படியே ஓட்டினால் ஒரு நாள் ஷாஃப்ட் மூட்டில் இருக்கிற கிராஸ் உடையும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் டயரையும் பாருங்கள். பின்னால் புதுசு, முன்னால் மொட்டை என்று போட்டிருந்தால் நேர் ரோட்டிலும் இதே கதைதான். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று தள்ளி, முன்னும் பின்னும் டேப்பில் அளந்துவிடுங்கள். 6.00-16 டயரில் சுற்றுக்கு ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தாலே கிலோமீட்டருக்குச் சுமார் 11 மீட்டர் சேர்ந்துவிடும்.

கேள்வி: 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், முன் சக்கரம் இரண்டும் தலையாட்ட ஆரம்பித்து ஸ்டீரிங்கைக் கையில் பிடிக்க முடிவதில்லை. ஸ்டீரிங் ஆட்டத்தை அடக்குகிற டேம்பர் ஒன்று மாட்டினால் சரியாகும் என்கிறார்கள், மாட்டட்டுமா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது. அஞ்செட்டி பக்கத்து வளைவுகளில் போய் வருகிறவர் நீங்கள், அதனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சு. பிரேக் பிடித்ததும் சக்கரத்தோடு சுற்றும் டிரம், சுற்றாமல் நிற்கிற பேக்பிளேட்டோடு சேர்ந்துவிடும், அதனால் பேரிங் ஆட்டம் மறைந்துவிடும் என்பதுதான் சூட்சுமம். எனக்கு இது தெரியாத காலத்தில் ஒரே வண்டிக்கு வீல் பேரிங்கை இரண்டு தடவை மாற்றி, இரண்டு தடவையும் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கிங்பின் என்றால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். பேரிங்கில் பள்ளம் விழாமல் இருந்தால் மூடிக்கு அடியில் இருக்கிற ஷிம் தகடுகளில் மெல்லிசாக ஒன்றை எடுத்தாலே இறுக்கம் திரும்பிவிடும். மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். அப்புறம் டைராடு எண்டு (ஸ்டீரிங் கம்பியின் முனை மூட்டு), ஸ்பிரிங் பட்டை புஷ், டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கிற அளவு), டயர் பேலன்ஸ், இந்த வரிசையில் பாருங்கள். கழற்றியதோடு கழற்றியதாக அச்சு முனையில் சக்கரம் திரும்புகிற உருண்டை மூட்டான நக்கிளின் ஃபெல்ட் சீலையும் மாற்றிவிடுங்கள். உருண்டை துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் கிழித்துவிடும், உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஜோங்கா (பழைய ராணுவ ஜீப்) ஒன்று வாங்கியிருக்கிறேன். மூன்று வருஷமாகப் புளியமரத்தடியில் நின்ற வண்டி, ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜின். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: முதலில் வாழ்த்துகள். அந்த நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் நிசான் இன்ஜினைப் பலபேர் எப்போதோ கழற்றி டீசலை ஏற்றிவிட்டார்கள்.

பேட்டரிக்கு அவசரமில்லை. பிளக் ஆறையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள், பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் செல்ஃப். டேங்க்கைத் திறந்து மோந்து பாருங்கள், பெயிண்ட் வாடை அடித்தால் அந்தப் பெட்ரோல் ஆகாது. ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிட்டு, டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் கழுவுங்கள். ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ராம் எல்லாம் புதுசு போட்டுவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும்.

ஓடவைப்பதற்கு முன்னால் நிறுத்துவதைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான், எங்கே ஒரு வாஷர் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும். வீல் சிலிண்டர் நாலையும் பிரித்துப் பார்க்காமல் தொப்பூர் இறக்கத்துப் பக்கம் போகவே போகாதீர்கள். பார்த்த பிறகும் சின்ன கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: கியர்பாக்ஸில் ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. (வாசகர், அரூர்)

பதில்: ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லெவல் போல்ட்டைத் திறங்கள். அங்கே வழிந்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சீல் போய்விட்டது. ஆயில் ஊற்றும்போது கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்கிற ஆயில் தரம், ஜிஎல்-5 அல்ல. ஜிஎல்-5இல் இருக்கிற கந்தகம், கியர் சுலபமாக விழ உதவுகிற பித்தளை சின்க்ரோ ரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: தாத்தாவின் 1968 ஜீப்பை விண்டேஜ் பதிவு செய்துவிட்டு மாங்காய் லோடு அடிக்கலாமா? (வாசகர், போச்சம்பள்ளி)

பதில்: முடியாது. 2021 விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அதைத் தினசரி ரோட்டில் ஓட்டவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படிச் சிலவற்றுக்குத்தான். மாங்காய்க்கு வேறு வண்டி பாருங்கள்.